பாடத்தில் இல்லாத நூல்கள்

ஷஃபான் மாதத்தின் நடுப்பகுதி வந்துவிட்டால் அரபுக் கல்லூரிகளின் முகமே மாறிவிடும். ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும். விடுதி அறைகளில் பெட்டிகள் திறந்து கிடக்கும். பாயைச் சுருட்டிக் கயிறு கட்டுவோர் ஒருபுறம், இரவல் வாங்கிய கிதாபுகளைத் திருப்பிக் கொடுக்க உரியவரைத் தேடுவோர் மறுபுறம் என்று மாணவர் கூட்டம் பரபரக்கும். ரமலான் கழிந்து, பெருநாளும் முடிந்து, ஷவ்வாலில் ஒரு வாரமோ பத்து நாளோ சென்ற பின்னரே மீண்டும் பாடம் தொடங்கும். ஏறத்தாழ ஐம்பது நாட்களுக்கு மேல் நீளும் இவ்விடுமுறையே ஓதும் பிள்ளைகளுக்கு ஆண்டில் வாய்க்கும் பெரிய ஓய்வு.

இவ்வாண்டு எம்மிடம் விடைபெற வந்த ஐந்தாம் ஜும்ரா மாணவர் ஒருவர், முஸாபஹா செய்துவிட்டுத் தயங்கி நின்று, “ஹஜ்ரத், லீவில் என்ன கிதாபு பார்க்கட்டும்?” என்று கேட்டார். நாமும் வழக்கப்படி, அடுத்த ஆண்டுப் பாடமாக வரவிருக்கும் நூலொன்றின் ஷரஹைப் பெயர் சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். போன பின்னர்தான், அவர் கேட்டது அதுவன்று என்பது எமக்கு உறைத்தது. அடுத்த பாடத்திற்கு எதைப் பார்க்கவேண்டும் என்பதை அறியாத பிள்ளையல்லர் அவர்.

நாம் மாணவராக இருந்த காலத்து விடுமுறைகளில் எவற்றைப் படித்தோம் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். அவற்றுள் பாடத்திற்கு உதவும் என்று எண்ணி எடுத்த நூல் ஒன்றுகூட இல்லை. ஆயினும், இன்று நாம் பேசுகிற, எழுதுகிற தமிழ் அந்த நூல்கள் தந்தது. அரபு இலக்கியத்தில் எமக்குள்ள சுவையும் பாதிக்கு மேல் அவ்விடுமுறைகளில் பிறந்ததே. இதை அந்த மாணவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமற் போனதற்கு ஈடாகவே இக்கட்டுரை.

ஓய்வு நேரத்தில் உள்ளம் களிக்கப் படிப்பது ஆலிமுக்கு அழகன்று என்று எண்ணுவோர் நம்மில் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) புத்தக வணிகர்களின் கடைகளை இரவு வாடகைக்கு எடுத்து, உள்ளே அமர்ந்து விடிய விடியப் படித்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். புவைஹிய ஆட்சியில் ரய் நகரில் அமைச்சராக விளங்கிய ஸாஹிப் இப்னு அப்பாத் (மறைவு ஹிஜ்ரி 385, கி.பி. 995) பயணம் புறப்பட்டால் முப்பது ஒட்டகச் சுமை நூல்கள் உடன் செல்லுமாம். அபுல் ஃபரஜ் இஸ்பஹானியின் ‘கிதாபுல் அகானி’ கைக்கு வந்த பிறகு, அந்த ஒரு நூல் போதும் என்று மற்றவற்றை விட்டுவிட்டாராம். இப்னு கல்லிகான் போன்றோர் இச்செய்தியைப் பதிந்துள்ளனர். அகானி என்ன நூல்? பாடல்களும், அவற்றைப் பாடியவர், இயற்றியவர் பற்றிய கதைகளும் அடங்கிய பெருந்தொகுப்பு. ஆசிரியர் ஐம்பது ஆண்டுகள் உழைத்து அதைத் தொகுத்தார். ஹலபின் அரசர் ஸைஃபுத் தவ்லா அதற்கு ஆயிரம் தீனார் பரிசளித்து, இது போதாதே என்று வருந்தினாராம். ஸாமானிய மன்னர் தம் அவைக்கு அழைத்தபோது, ‘என் நூல்களைச் சுமக்கவே நானூறு ஒட்டகம் வேண்டும்’ என்று சொல்லி மறுத்தவரும் இதே ஸாஹிபுதான். அத்தகையவர் வழித்துணைக்குத் தேர்ந்தது பாடலும் கதையும் நிறைந்த நூலை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி எம் கதைக்கு வருவோம்.

நாம் ஓதிய காலம் 1980களின் பிற்பகுதி. அக்காலத்தில் ரமலான் கடுங்கோடையில் வந்தது. 1986இல் மே மாதத்தின் முற்பாதியில் நோன்பு தொடங்கிற்று. பள்ளிக்கூடங்களின் முழுப்பரீட்சை விடுமுறையும் மதரஸா விடுமுறையும் ஒன்றாய்ச் சேர்ந்த ஆண்டுகள் அவை. சந்திரக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும் ரமலான், மீண்டும் அதே பருவத்திற்கு வந்துசேர முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே எமது தலைமுறைக்கு வாய்த்த அந்தச் சேர்க்கை எமக்கு இளையோர்க்கு வாய்க்கவில்லை. வீடு நிறையப் பிள்ளைகள். லுஹருக்கும் அஸருக்கும் இடையே வெயில் முற்றத்தில் காயும். பசியும் தாகமும் மறக்க ஒரே வழி படிப்பதுதான்.

அவ்வாண்டு நாம் பெட்டியில் கொண்டுவந்த நூல்களுள் ஒன்று ஹரீரியின் ‘மகாமாத்’. அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்கள் இந்நூலின் பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விடுவார்கள். பஸராவைச் சேர்ந்த ஹரீரி (மறைவு ஹிஜ்ரி 516, கி.பி. 1122) எழுதிய ஐம்பது மகாமாக்கள் அடங்கிய இந்நூல், அருஞ்சொற்களுக்கு ஒரு காடு. வகுப்பில் உஸ்தாது ஒரு வரியை வாசிப்பார். ஒவ்வொரு சொல்லின் மூலம், பன்மை, எதிர்ச்சொல், இலக்கணம் ஆகியவற்றைச் சொல்லி முடிக்குமுன் மணி அடித்துவிடும். ஆண்டு முழுதும் ஓதினாலும் பத்து மகாமாவைத் தாண்டுவதில்லை. அது ஒரு கதைநூல் என்பதே எமக்கு மறந்துபோயிருந்தது.

அந்த நோன்புக் காலத்தில், ஓரத்து ஹாஷியாவைப் பாராமல், தெரியாத சொல்லை அப்படியே விட்டுவிட்டு, மேலே மேலே வாசித்தோம். மூன்றாம் நாள், திண்ணையில் இருந்தபடி வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். நோன்பாளி ஒருவன் கிதாபைப் பார்த்துத் தனியே சிரிப்பதைக் கண்டு, தெருவில் போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். கதை சொல்லும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் ஊர் ஊராய்ப் போகிறார். ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவர், ஒருநாள் உபதேசியாக, ஒருநாள் முடவராக, ஒருநாள் வழக்காடியாக நின்று, சொல்வன்மையால் கூட்டத்தை மயக்கிக் காசு பறிக்கிறார். நெருங்கிப் பார்த்தால் அவர் அதே ஸரூஜ் நகரத்து அபூஸைத்! இப்படி ஓர் எத்தனின் கதையை, உருக்கமும் நகையும் ஒன்றையொன்று துரத்தும் கதையை, நாம் ஓராண்டு முழுதும் அகராதியாக ஓதியிருக்கிறோம். குறை உஸ்தாதுமார் மீதன்று. வகுப்பில் சொல் கற்பிக்க வேண்டியிருக்கிறது. கதையைக் கதையாகக் காண்பதற்கு விடுமுறை வேண்டியிருந்தது என்பதே எம் கருத்து.

இந்நூலின் ஹிஜ்ரி 634ஆம் ஆண்டு (கி.பி. 1237) ஏடு ஒன்று பாரிஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. வாஸித்தி என்பவர் எழுதி ஓவியமும் தீட்டியது. அதில் பஸரா நூலகக் காட்சி ஒன்று உண்டு. சுவரில் சிறு சிறு மாடங்கள். அவற்றில் நூல்கள் நிமிர்த்தி வைக்கப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கப்பட்டிருக்கின்றன. அதன் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எமக்கு நினைவுக்கு வந்தது எம் வீட்டு நடையில், விளக்கு மாடத்தை அடுத்திருந்த இன்னொரு மாடம். அங்கும் அப்படித்தான் படுக்கவைத்திருப்பார்கள். இடம் போதாதவை உம்மும்மாவின் மரப்பெட்டியில் இருந்தன.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். லக்னோ ஃபிரங்கி மஹலின் முல்லா நிழாமுத்தீன் (மறைவு 1748) வகுத்த பாடத்திட்டமே, சிற்சில மாற்றங்களுடன், நம் நாட்டு மதரஸாக்கள் பலவற்றில் இன்றளவும் ஓதப்படுகிறது. ஸர்ஃபு, நஹ்வு, மன்திக், ஃபிக்ஹு, தப்ஸீர், ஹதீஸ் எல்லாம் அதில் உண்டு, தமிழ் இல்லை. லக்னோவில் வகுக்கப்பட்ட திட்டத்தில் தமிழ் இருக்க நியாயமும் இல்லை. எம் காலத்தில் பாடங்களுக்கு உரை சொல்வதுகூடப் பெரும்பாலும் உருதுவிலேயே நடந்தது. ஸனது பெற்று ஊர் திரும்பும் இளம் ஆலிம், ஜும்ஆ மிம்பரில் நின்று மக்களிடம் பேச வேண்டிய மொழியை மட்டும் எங்கும் ஓதியிருக்க மாட்டார். அந்தப் பள்ளத்தை எமக்கு நிரப்பித் தந்தவை விடுமுறைகள்.

எம் உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அவர் ஓயாது தமிழ் படித்தார். இதைக் கேட்டால் இக்காலத்துப் பிள்ளைகள் வியப்பார்கள். அவர் படித்தவை அரபுத்தமிழ் நூல்கள். அரபு எழுத்துகளையே கொண்டு, அரபியில் இல்லாத பகரம், ஞகரம், ழகரம் போன்ற ஒலிகளுக்கு எழுத்தின் மேலும் கீழும் புள்ளிகள் கூட்டி, வலமிருந்து இடமாக எழுதப்பட்ட தமிழ் அது. குர்ஆன் ஓதத் தெரிந்த எவரும் சில நாள் பழக்கத்தில் அதை வாசித்துவிடலாம். குர்ஆன் ஓதாத பெண்பிள்ளை நம் கரையோர ஊர்களில் அரிது. ஆகவே பள்ளிக்கூடம் காணாத பெண்கள் தங்கள் தாய்மொழியில் நூல் படிக்கும் பேறு பெற்றிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு பரவியபோது அரபுத்தமிழ் நூல்கள் பெருகின. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) எழுதிய ‘மகானி’ போன்ற சட்ட நூல்கள் வீடுதோறும் இருந்தன. அவற்றுடன் மாலைகள், முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், மசலாக்கள்.

கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா ஆகிய நான்கும் அரபு, பாரசீக வழியாகத் தமிழ் பெற்ற புதிய இலக்கிய வகைகள் என்று அறிஞர்கள் பெருமையுடன் எழுதுகின்றனர். அது உண்மையே. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிர மசலா’, முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களுள் காலத்தால் முந்தியது. ஆனால் உம்மும்மாவுக்கு இவை இலக்கிய வகைகள் அல்ல. வேலை முடிந்த பொழுதின் துணை. ‘நூறு மசலா’வில் அரசகுமாரி ஒருத்தி நூறு கேள்விகள் கேட்பாள், விடை சொல்பவனுக்கே மாலையிடுவாள். உம்மும்மா கேள்வியை வாசித்து நிறுத்திவிடுவார். சுற்றியிருக்கும் பெண்கள் ஆளுக்கொரு விடை சொல்லி, சிரித்து, சண்டையிட்டு, பிறகே அடுத்த வரிக்குப் போவார்கள். நாமும் ஓரத்தில் அமர்ந்து கேட்டோம். மன்திக்குப் பாடத்தில் கேள்வி விடைகளை மனனம் செய்த எமக்கு, கேள்வி என்பது இத்தனை இன்பம் தரக்கூடியது என்று அங்கேதான் தெரிந்தது.

அப்பெட்டியில் முன்பக்கங்கள் கிழிந்துபோன ஒரு நூல் இருந்தது. பெயர் தெரியாது. உம்மும்மா அதைச் ‘செம்புக் கோட்டைக் கிதாபு’ என்பார். தம் உம்மா காலத்திலேயே முகப்பு இல்லாமற் போயிற்றாம். செம்பினால் ஆன ஒரு பட்டணத்தின் கதை. நோன்பு நாட்களில் மாலைப் பொழுதில் அதைச் சிறிது சிறிதாக வாசிப்பார். ஒரு விடுமுறையில் முடியாது. மிச்சத்தை அடுத்த ஆண்டு வந்து கேட்கும்போது, நாம் முன்பகுதியை மறந்திருப்போம்; அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். ஆதலால் அக்கதையின் முடிவை நாம் ஒருபோதும் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவது எம் பிழை. 1991ஆம் ஆண்டு ரமலான் மார்ச் மாதத்தில் வந்தது. நாம் ஸனது பெற்று வந்த புதிது. அதற்கு முந்திய மழையில் வீட்டுக் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருந்தது, கறையானும் ஏறியிருந்தது. பெட்டியைச் சுத்தம் செய்யும் பொறுப்பை, ஓதிய பிள்ளை என்று, எம்மிடம் விட்டார்கள். நாமும் பெரிய முஹக்கிக் போல் அமர்ந்து, நூல்களை இரு குவியலாகப் பிரித்தோம். ஃபிக்ஹு நூல்களும், தப்ஸீரும், திக்ருகளும் ஒரு குவியல்; அவற்றை வெயிலில் காயவைத்து, பைண்டு செய்யக் கொடுத்தோம். கிஸ்ஸாக்களும் பெயரில்லாத ஏடுகளும் மறு குவியல். அரபு எழுத்துள்ள தாளைக் கண்ட இடத்தில் எறியக்கூடாது என்ற பேணுதல் இருந்ததால், அக்குவியலைத் துணியில் கட்டிக் கடலில் சேர்த்துவிட்டு வரும்படி தம்பியிடம் கொடுத்தனுப்பினோம். எழுத்துக்குக் காட்டிய மரியாதையை அதனுள் இருந்த தமிழுக்குக் காட்ட எமக்கு அறிவில்லாமற் போயிற்று.

உம்மும்மாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. மக்ரிபுக்குப் பிறகு அழைத்து, “செம்புக் கோட்டைக் கிதாபை எடுத்து வச்சியா வாப்பா?” என்று கேட்டார்.

“அது வெறும் கதைதானே உம்மும்மா,” என்றோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதையின் முடிவை அவரிடமே கேட்டிருக்கலாம். அதுவும் அன்று தோன்றவில்லை. அடுத்த நோன்பு வருமுன் அவர் மவுத்தாகிவிட்டார்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நாம் ஆசிரியரான பின்னர் ஒரு விடுமுறையில், கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் 1835இல் பதிப்பிக்கப்பட்ட ‘அல்ஃபு லைலா வ லைலா’வின் மறுபதிப்பைப் படித்துக்கொண்டிருந்தோம். ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்ற கதை வந்தது. ஸுலைமான் நபி (அலை) அவர்கள் முத்திரையிட்டுக் கடலில் எறிந்த செம்புக் குடங்களைத் தேடிவரும்படி கலீஃபா அப்துல் மலிக் கட்டளையிட, மூஸா இப்னு நுஸைர் பாலைவனம் கடந்து ஒரு செம்புப் பட்டணத்தை அடைகிறார். மதிலில் வாயில் தென்படவில்லை. ஏணி வைத்து ஏறியவர்கள், உள்ளே நிலவனைய மங்கையர் அழைப்பதாகக் கண்டு கைகொட்டிக் குதித்து மாய்கிறார்கள். இறைவசனம் ஓதியபடி ஏறிய ஒரு முதியவர் மட்டும் மயக்கம் நீங்கி உள்ளே இறங்குகிறார். உள்ளே கடைகள் திறந்தபடி. பொன்னும் பட்டும் குவிந்தபடி. மனிதர் மட்டும் அமர்ந்த இடத்திலேயே உயிரற்று இருக்கிறார்கள். மழை பொய்த்து, முத்துக்கு ஒரு மரக்கால் தானியம் கேட்டும் கிடைக்காமல் மாண்டவர்கள். நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டில் மஸ்ஊதியே இந்நகரைப் பற்றிய செய்தியைக் குறிப்பிட்டிருக்கிறார்.

கிதாபை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். மதிலில் ஏறிக் குதித்தவர்களின் கைகொட்டுச் சத்தத்தை உம்மும்மா தம் இரு கைகளாலும் தட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. பின்னர் விசாரித்தபோதுதான், மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களே ‘மதீனத்துன் நுஹாஸ்’ என்ற பெயரில், தாமிரப்பட்டணம் என்று பொருள்பட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அரபுத்தமிழில் ஓர் உரைநடைக் கதை எழுதியுள்ளார்கள் என்பதையும், தமிழ் நாவலின் வரலாற்றை அந்நூலிலிருந்தே தொடங்கவேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்தோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது 1879இல். எம் வீட்டுப் பெட்டியில் இருந்தது இமாமுல் அரூஸின் நூல்தானா, வேறொருவர் எழுதியதா? அதைக் கடல்தான் சொல்லவேண்டும். ‘மகானி’யை எழுதிய அதே கை கதையும் எழுதியிருக்கிறது. நாமோ ஒன்றைப் பைண்டு செய்து, மற்றதைக் கடலில் விட்டோம்.

உம்மும்மா தந்தது வீட்டுத் தமிழ். செந்தமிழைத் தந்தவர் எம் ஊர்ச் சீறாப் பெரியவர். பகலில் துணிக்கடை, தராவீஹ் முடிந்த பின் அதே கடைத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்துச் சீறாப்புராணம். நான்கைந்து பேர் கேட்க இருந்தால் போதும், ராகத்தோடு பாடிப் பொருள் சொல்லத் தொடங்கிவிடுவார். ஐயாயிரத்து இருபத்தேழு பாடல்களில் பாதிக்குமேல் மனப்பாடம். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர்.

மக்கா நகரைச் சூழ ஆறு பாய்வதாகவும், வயலில் நெல் விளைவதாகவும் உமறுப்புலவர் நாட்டுப் படலத்தில் பாடியிருப்பதைக் கேட்டு, பூகோளம் படித்த எமக்குச் சிரிப்பு வந்தது. அவர் சினம் கொள்ளவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணுக்குத் தன் ஊரில் உள்ளதிலேயே சிறந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான் புலவன். விருந்தாளிக்கு நீ என்ன கொடுப்பாய், இல்லாததையா, இருப்பதையா என்று கேட்டார். மற்றொரு நாள், ‘ஜிபுறயீல்’ என்று அவர் பாடியபோது நாம் இடைமறித்து, ‘ஜிப்ரீல்’ என்று திருத்தினோம். “தம்பி ஆலிமே, அது அரபியில் இருக்கிற ஜிப்ரீல். இது தமிழுக்குள் வந்து உட்கார்ந்த ஜிபுறயீல்,” என்றார். தத்ஸமம், தத்பவம் பற்றி இலக்கண நூல்கள் சொல்வதை அதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை நாம் பின்னர்க் கண்டதில்லை.

சீறா பிறந்த வரலாற்றையும் அவர் வாயால்தான் முதலில் கேட்டோம். வள்ளல் சீதக்காதி விரும்ப, உமறுப்புலவர் கீழக்கரை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் நாயகத்தின் வரலாற்றை உரைநடையாகப் பெறச் சென்றார். புலவரின் தோற்றத்தைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் மறுத்ததாகவும், கனவில் கண்ட ஓர் ஏவலால் பின்னர் இசைந்ததாகவும் செவிவழிச் செய்தி உண்டு. அவர்களின் மாணாக்கர் பரங்கிப்பேட்டை மஹ்மூது லெப்பை ஆலிமிடம் உரை பெற்றுப் புலவர் பாடினார் என்பர். வள்ளலின் மறைவுக்குப் பின் ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காஸிம் மரைக்காயர். காப்பியம் ஹிஜ்ரத்துக்குப் பிந்திய சில ஆண்டுகளோடு நின்றுபோக, எஞ்சிய வரலாற்றைப் பனீ அஹ்மது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். ஏட்டிலேயே இருந்த சீறாவை, காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் 1842இல் அச்சில் கொண்டுவந்தார். எண்ணிப் பாருங்கள்: உரை தந்தவர் ஆலிம், பதிப்பித்தவரும் ஆலிம். தமிழ் நமக்குப் பாடமன்று என்று ஒதுங்கிய பழக்கம் அந்த ஆலிம்களிடமிருந்து வந்ததன்று.

நவீன உரைநடை எமக்குத் தங்கையின் வழியாக வந்தது. அவள் ஊர் நூலகத்தில் உறுப்பினர். நாம் அவள் அட்டையில் படித்தோம். கண்டி வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை (1838–1898) எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ அப்படிக் கிடைத்ததே. 1885இல் வெளிவந்த அது ஈழத்தின் முதல் தமிழ் நாவல். நாயகன் எகிப்து நாட்டான். கண்டியில் இருந்துகொண்டு எகிப்தைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று அன்று விளங்கவில்லை. ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தளபதி அறபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்ததையும், முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகச் சித்தி லெப்பையோடு அவர் துணைநின்றதையும் பின்னர் அறிந்தபோது விளங்கிற்று. 1882 முதல் ‘முஸ்லிம் நேசன்’ இதழ் நடத்தி, பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்று எழுதிச் சலித்தவர், கதையாகச் சொன்னால் கேட்பார்களோ என்று எண்ணியிருக்கக்கூடும். இது எம் ஊகமே.

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா? கடமையா?’ (1938) எமக்குத் தந்த வியப்பு வேறுவகை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு முஸ்லிம் பெண்மணி எழுதிய நாவலுக்கு, உ.வே. சாமிநாதையர் மதிப்புரை வழங்கியிருந்தார். பா. தாவூத்ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ பழைய இதழ்த் தொகுதி ஒன்றும் அந்நூலகத்தில் கிடந்தது. மார்க்க விவகாரங்களில் அவரோடு ஆலிம்கள் கடுமையாக மாறுபட்டதை நாம் அறிவோம். அவற்றுள் பலவற்றில் நாமும் மாறுபடுகிறோம். ஆனால் அந்தத் தமிழ் நடை! அவ்விதழில் என்.பி. அப்துல் ஜப்பார் எழுதிய ‘ஷஜருத்துர்’, 1250இல் மிஸ்ரை எண்பது நாள் ஆண்ட அரசியின் வரலாற்றுக் கதை. தாரீக் பாடத்தில் ஒரே வரியில் கடந்துபோன பெண் அங்கே உயிரோடு நடமாடினாள். போர்க்காலத்தில் கணவர் இறந்த செய்தியை மறைத்துப் படையைக் காத்த அவளது நெஞ்சுறுதியைப் படித்த இரவில் ஸஹர் நேரத்தைத் தவறவிட இருந்தோம்.

1988 விடுமுறையில் தோப்பில் முகம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ புதிதாகப் புத்தகமாய் வந்திருந்தது. அதற்கு முன் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்ததே. அதில் வரும் தங்ஙளைக் கண்டு எமக்குக் கோபம் வந்தது. நம்மவர்களை இப்படியா எழுதுவது என்று பாதியில் மூடிவைத்தோம். தங்கை, “காக்கா, நம்ம ஊர்லெ இப்படி யாருமே இல்லையா?” என்று கேட்டாள். விடை சொல்லாமல் மீண்டும் எடுத்து முடித்தோம். பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று தடுக்கும் அந்த முதலாளியின் வீழ்ச்சியைப் படித்தபோது, சித்தி லெப்பை கண்டியில் எதிர்த்துப் போராடியது எதனோடு என்பது நூறாண்டு கடந்து எமக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

இவ்வளவையும் எண்ணிய மறுநாள், ஊர் போய்ச் சேர்ந்துவிட்ட அந்த மாணவருக்குத் தொலைபேசியில் பேசினோம். ஷரஹ் இருக்கட்டும், ஷவ்வாலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். உங்கள் வீட்டில் பழைய பெட்டியோ, பரணில் மூட்டையோ இருக்கிறதா, யாராவது சுத்தம் செய்யுமுன் போய்ப் பாருங்கள். எதையும் பிரித்து வைக்க வேண்டாம், கதையென்றும் கிதாபென்றும் பாகுபாடு செய்யவேண்டாம் என்றோம். அவருக்கு வியப்பாக இருந்திருக்க வேண்டும். “சரி ஹஜ்ரத்” என்றார்.

ஷவ்வால் பன்னிரண்டில் வந்தார். கையில் பழைய கைலியில் சுற்றிய ஒரு பொதி. அவருடைய பெரியம்மா வீட்டுப் பரணில் கிடந்ததாம். அவிழ்த்தோம். கல்லச்சில் பதித்த அரபுத்தமிழ்; ஓரம் அரித்திருந்தது; முதல் எட்டுப் பக்கங்கள் இல்லை. செம்புக் கோட்டை அன்று. யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு போலத் தோன்றியது. அவருக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. புள்ளி வைத்த ரே எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அது ழகரம் என்றோம். அஸருக்குப் பிறகு தினமும் அரைமணி நேரம் என்று பேசிக்கொண்டு, ஒன்பதாம் பக்கத்திலிருந்து தொடங்கினோம்.